பதினேழாவது பெட்டி

1

இந்தக் கதை ஒரு சாரத்திலிருந்து பிறந்தது. எழுதும்போதும் அதைத்தான் இடுப்பில் லுங்கியாக உடுத்திருக்கிறேன். (அதன் கரையில் ஒரு மலை படிப்படியாக இறங்குகிறது. ஏன் என்று பிறகு.)

முதல் தொடக்கம்: "1982இல் மருதமுனைக் கடல் வழக்கத்தைவிட நீலமாக..." விட்டுவிட்டேன். அன்று கடலை நான் பார்க்கவேயில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தொடக்கம்: இங்கிலாந்துக்குத் துகள் பௌதிகம் படிக்கப் போய், மூன்று வருடம் கழித்து லீவில் வந்த நான், என் ராத்தா (அக்கா) முனவ்வறாவுக்குக் கொண்டுவந்தது ஒரு கட்டுக் கணினித் தாள். வேறொன்றும் இல்லை. இது உண்மை என்பதால் இருக்கட்டும்.

2

துகள்கள் மோதிச் சிதறும். ஒவ்வொரு மோதலுக்கும் ஓர் எடை கணிப்போம். எடைவாரியாக நாற்பது பெட்டிகள். எந்தப் பெட்டியில் எத்தனை விழுந்ததோ அத்தனை புள்ளடிகளை, அதாவது பெருக்கல் குறிகளை, கணினி வரிசையாக அடித்துத் தரும். எடை கூடக் கூட எண்ணிக்கை குறையும், ஆகவே தாளில் தெரிவது ஒரு மலைச்சரிவு. சரிவின் நடுவே மேடு ஒன்று நின்றால் அது புதிய துகளாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றால் போதாது. துகள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் எவ்வளவு விழுந்திருக்கும் என்று தெரியவேண்டும். அதற்காகக் கணினிக்குள் பொய் மோதல்கள் நடத்தி, புதிய துகளே இல்லாத உலகத்துக்கு ஒரு சரிவு செய்வோம். (பொய்யை வைத்து மெய்யை அளக்கும் தொழில். எனக்கு ஏன் பிடித்தது என்று என்னைத் தெரிந்த யாரும் கேட்டதில்லை.)

பதினேழாவது பெட்டியில் மெய்த்தாளில் இருபத்தொன்று, பொய்த்தாளில் ஒன்பது. பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்: "லீவு முடியுமுன் தீர்மானி. மேடு உண்டென்றால் தந்தி அடி, உன் பெயரில் அறிவிப்போம். பிறகு இல்லையென்று ஆனால் அதுவும் உன் பெயரில்தான்."

3

ராத்தாவின் கணவர் மீராசாஹிபு மச்சான் தந்திக்குக் காத்திருக்கவில்லை. கல்முனையில் பொத்துவில் பஸ் ஏறும்போதே, நான் புதிய துகள் கண்டுபிடித்த செய்தியைச் சொல்லிவிட்டார். துகள் காரைதீவில் கடுகளவு, திருக்கோவிலில் எலுமிச்சம்பழமளவு, பொத்துவிலில் இறங்கும்போது உரித்த தேங்காயளவு.

"மச்சான், நான் இன்னும் ஒண்டும் காணல்லயே."

"காணுவாய். இவ்வளவு ஊர் அறிஞ்ச பிறகு காணாம இரிக்க ஏலுமா?"

[மச்சானைக் கொஞ்சம் நல்லவராக்கி ஒரு பந்தி எழுதி, வெட்டிவிட்டேன். அவர் ஏற்கனவே நல்லவர். வாய்தான்...]

4

ராத்தா தறிக்காரி. மருதமுனையில் கரைக்கு டிசைன் போடுவது கட்டத்தாளில், கட்டத்துக்கு ஒரு புள்ளடியாக. தம்பி சீமை டிசைன் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்து, கட்டின் மேலே கிடந்த பொய்த்தாளைப் பார்த்து ஒரு சாரம் நெய்து முடித்து, உடுக்கத் தந்தாள்.

உடுத்துக்கொண்டே எண்ணினேன். பதினேழாவது படியில் பதினைந்து.

"ராத்தா, இதுல ஒன்பது வரணும். பிழையா நெய்திட்டீங்க."

"பிழை உன்ட தாள்ல. இஞ்சால பதினாறு, அங்கால பதினாலு, நடுவில திடுமெண்டு ஒன்பது. நூல் அறுந்த இடம் மாதிரிக் கிடந்திச்சு. நிரப்பிட்டன்."

"அப்பிடி நிரப்பக் கூடா. அது கொம்பியூட்டர் எண்ணினது."

"எத்தின தரம் எண்ணின?"

"ஒருக்காத்தான்."

"ஒரே ஒரு மாதிரித் துண்ட வெச்சா சீமையில நெய்யிற? நாங்க ரெண்டு மூணு துண்டு நெய்து பாக்காம கரையில கை வெக்கிறல்ல."

சாரத்தைப் பாதி செருகியபடி நின்றேன். கணினி நேரம் கிடைப்பது கஷ்டம் என்று பொய் மோதல்களைக் கொஞ்சமாக, ஒரே ஓட்டத்தில் முடித்திருந்தேன். அத்தனை சிறிய ஓட்டத்தில் ஒன்பது என்பது அடுத்த முறை ஆறாகலாம், பன்னிரண்டாகலாம், இன்னும் கூடவும் ஆகலாம். நானோ அதைக் கல்லில் வெட்டிய எண்ணாக எடுத்துக்கொண்டேன். மெய்த்தாளில் மேடு இல்லை, பொய்த்தாளில்தான் பள்ளமோ?

கல்முனைத் தபாற்கந்தோருக்குச் சைக்கிளில் போய்ப் பேராசிரியருக்குத் தந்தி அடித்தேன்: "பொய் மோதல்களைப் பத்து மடங்கு ஓட்டவும்."

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ராத்தாவை அளவுக்கு மீறிக் கெட்டிக்காரியாக்கிவிட்டேனோ? பள்ளம் கரைக்கு வடிவில்லை என்று மட்டும் நினைத்திருக்கலாம். பக்கத்தைப் பார்த்து நிரப்புவது எங்கள் தொழிலில் குற்றம். ஆனால் அவள் கேட்ட கேள்வி குற்றமில்லை. அதை என் பேராசிரியர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முடிவுகளும் இருக்கின்றன.

அ: பத்து மடங்கு ஓட்டியும் அதே ஒன்பது, நான் உலகப் புகழ். (எழுதிப் பார்த்தேன். உடுத்திருக்கும் சாரம் ஒத்துக்கொள்ளவில்லை.)

ஆ: சீமைக்காரர்கள் ராத்தாவைக் கப்பலில் தறியோடு கூட்டிப்போகிறார்கள். (மச்சான் பொத்துவிலில் சொல்லும் முடிவு.)

(ஆறு முதல் பதினைந்து வரை மழை, சோறு, மச்சானின் விளக்கங்கள். வெட்டியாயிற்று.)

16

பதில் தந்தி வந்தது: "பத்து ஓட்டத்தின் சராசரி பதினைந்து. அதற்கு இருபத்தொன்று தற்செயலே. மேடு இல்லை. தப்பினாய்."

மச்சான் வாசல் படலையில் நின்றார். சொன்னேன். செருப்பை மாட்டினார்.

"சரி. அது கடலுக்குள்ள பாஞ்சிட்டு எண்டு சொல்லிர்றன்."

உள்ளே போனேன். பின்னொரு காலம் நான் எழுதிய ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர் இருக்கிறார், கணினிகூட இருக்கிறது. ராத்தா இல்லை. எப்படி விளக்குவதென்று தெரியாமல் விட்டது. ஆனால் அன்றைக்கு அவள் தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தறி நின்றது. நான் சொன்னேன்:

17

[ ]

18

ராத்தா முக்காட்டு நுனியால் தன் முகத்தைத் துடைத்தாள்.

"இதுக்கெல்லாம் ஆரும் அழுவாங்களா? சோறு ஆறுது, போய்த் தின்னு."

தறி மறுபடி ஓடியது. முதல் நாலைந்து தட்டு தாளம் பிசகியது.

அவளிடம் சொன்ன அந்தப் பதினேழை நாற்பது வருடமாக எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் சொற்களின் எண்ணிக்கை வேறு. ஆகவே நான் ஒருக்கா எழுதுவதை நம்பவேண்டாம். இஞ்சால பதினாறு இருக்கிறது, அங்கால பதினெட்டு. வாசிக்கிறவர்களில் ஒரு பத்துப் பேராவது நிரப்புங்கள்.