மேடைக்கு ஒரு ஃபிஷ்கட்

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை காலை, தி.நகர் பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கும் ஒரு தையல் கடையில் அன்புக்கரசி மண்டியிட்டபோது, அவள் போட்டிருந்த லெஹங்காவின் பின்தையல் தொடையிலிருந்து இடுப்புவரை பிரிந்தது.

மண்டியிடச் சொன்னவர் முத்தம்மா. அடுத்த மாதம் அவளுக்கு மாமியாராகப் போகிறவர். ரிசப்ஷன் உடை மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பது ராயப்பேட்டையில் அவர்கள் குடும்பத்து வழக்கம். அதனால் உடையைப் பார்க்கவும் குறை சொல்லவும் தனக்கு உரிமை உண்டென்று வந்திருந்தார். அகலமான இடுப்பும் முன்தள்ளிய வயிறும் உள்ள பெண்ணுக்குக் குடைபோல விரிகிற அனார்கலிதான் சரி என்பது அவர் கட்சி. அன்புக்கரசி கேட்டது ஃபிஷ்கட். இடுப்பிலிருந்து முழங்கால்வரை உடம்போடு ஒட்டி வந்து, அதற்குக் கீழே மீன்வால் மாதிரி விரியும் வெட்டு. எதையும் மறைக்காது.

“எங்காளுங்க மேடை ஏறுனா கால்ல வுழுவணும். இந்தக் கோணிப்பைய மாட்டிக்கினு எப்டி வுழுவே? வுழுந்து காட்டு” என்றுதான் முத்தம்மா சொன்னார். அவள் விழுந்து காட்டினாள்.

“பாத்தியா? துணியே வேணாங்குது.”

அன்புக்கரசி எழுந்து, பிரிந்த இடத்தைப் பின்னால் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். “பிரிஞ்சது தையல் அத்தே. நான் முழுசாத்தான் கீறேன்.”

கடையை நடத்தும் அஃப்சருன்னிசா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். “கொஞ்சம் லூஸா வுட்டுடலாம்மா. துப்பட்டாவ முன்னாடி குறுக்கப் போட்டு இடுப்புல சொருகிட்டா வயிறும் தெரியாது.”

“லூஸா வுட்டா அது ஃபிஷ்கட் இல்லக்கா. மீன் செத்து மெதக்குற மாதிரி இருக்கும்.”

அஃப்சருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்தம்மாவுக்கு வரவில்லை.

“இத்தப் போட்டுக்கினு நீ மேடைல நின்னா, நான் பக்கத்துல வந்து நிக்க மாட்டேன். என் தம்பி பொண்டாட்டி வாய யாரு மூடுறது? என் புள்ள செம்பியன் கிட்டயும் சொல்லிடு.”

“சொல்லிட்டேன். உனக்குப் புடிச்சதப் போடுன்னாரு.”

“அவன் கெடக்குறான். பிரியாணி சரியா இருந்தா அவனுக்குப் போதும்.” பையை எடுத்துக்கொண்டு முத்தம்மா படியிறங்கிப் போனார்.

அன்புக்கரசி ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடத்துக் குழுப்படங்களில் அவள் கடைசி வரிசை. சொந்தக்காரர் வீட்டு விசேஷப் படங்களில் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள், இல்லையென்றால் யாராவது ஒரு குழந்தையை மடியில் வைத்துவிடுவார்கள். நிச்சயதார்த்தத்தன்று படம் எடுக்கத் தொடங்கியதும் ஒரு பழத்தட்டைக் கையில் கொடுத்தார்கள். எல்லாப் படங்களிலும் அந்தத் தட்டு வயிற்றுக்கு நேராக இருந்தது. கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ரிசப்ஷன் மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும்தான் நிற்பார்கள். அங்கே எல்லாரும் தன்னை உள்ளபடியே பார்க்கட்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

“இப்ப இன்னா பண்றது?” என்றார் அஃப்சருன்னிசா.

“மறுபடி அளவெடுங்க. உக்காந்து எடுங்க. மண்டி போட்டும் எடுங்க.”

“இத்தினி வருசமா எல்லாருக்கும் நிக்க வெச்சுத்தான் எடுத்திருக்கேன். நின்னுக்கினுதானே எல்லாரும் கண்ணாடி பாக்குறாங்க.”

மண்டியிட்டபோது இடுப்புச் சுற்று நாலு விரல் கூடியது. முழங்காலுக்குக் கீழே தொடங்கிய விரிவை அஃப்சருன்னிசா ஒரு சாண் மேலே ஏற்றினார். பின்பக்கம் தொடைக்குக் கீழே உள்ளுக்குள் ஒரு மடிப்பு வைத்தார். நிற்கும்போது மூடியிருக்கும், காலை மடக்கினால் திறந்துகொள்ளும். வயிற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்த இடுப்புப் பட்டை தொப்புளுக்கு மேலே போனது. ரவிக்கை அந்தப் பட்டையைத் தொடுமளவு இறங்கியது.

துப்பட்டாவில்தான் இருவருக்கும் சண்டை. அஃப்சருன்னிசா அதைக் குறுக்கே போட்டுப் பார்க்கச் சொன்னார். அன்புக்கரசி போட்டு, போனில் படம் எடுத்துக் காட்டினாள். குறுக்கே போன சரிகைக் கரை இடுப்பின் அகலத்தைக் கோடு போட்டுக் காட்டியது. பிறகு அதையே ஒரு தோளில் குத்தி, பாதம்வரை நேராகத் தொங்கவிட்டு இன்னொரு படம் எடுத்தார்கள். லெஹங்கா, ரவிக்கை, துப்பட்டா மூன்றும் ஒரே பாட்டில் பச்சை. கண் தோளில் தொடங்கி எங்கேயும் தடுக்காமல் கீழே இறங்கியது. இடுப்பு இருந்த இடத்தில் இருந்த அளவில் இருந்தது. அழகாக இருந்தது.

“இன்னும் கொஞ்சம் ஒல்லியாக் காட்டணும்னா, சைடுல கறுப்புத் துணி வெச்சு...”

“ஒல்லியா வேணாங்கா. நல்லாக் காட்டுங்க, போதும்.”

பிப்ரவரியில் அடையாறில் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன் நடந்தது. முத்தம்மா சொன்னபடியே மேடை ஏறவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து வருகிறவர்களை அங்கிருந்தே வரவேற்றார். செம்பியன் இரண்டு முறை கீழே போய்க் கூப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான்.

முத்தம்மாவின் தம்பியும் அவர் மனைவியும் பரிசோடு மேடைக்கு வந்தார்கள். தம்பி மனைவி அன்புக்கரசியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“இன்னாம்மா, துணி பத்தலியா?”

“பத்துச்சு அத்தே. அளவெடுத்துத் தெச்சது.”

“எல்லாம் தெரியுது.”

“தெரியட்டும்னுதான்.”

சொல்லிவிட்டு அன்புக்கரசி செம்பியனோடு சேர்ந்து மண்டியிட்டு அவர்கள் காலைத் தொட்டாள், எழுந்தாள். தையல் பிரியவில்லை. தம்பி மேடையிலிருந்தே குரல் கொடுத்தார். “இன்னாக்கா, உன் வூட்டுக் கல்யாணத்துல நீயே விருந்தாளியா? வா மேல.” பக்கத்து வரிசைகள் திரும்பிப் பார்த்தன. முத்தம்மா வேறு வழியில்லாமல் ஏறி வந்து, மருமகளுக்கு ஒரு கை தள்ளி நின்றார்.

“இன்னும் கொஞ்சம் இப்டி வாங்க அத்தே. படத்துல பாதிதான் வரீங்க” என்றாள் அன்புக்கரசி.

ஒரு படத்துக்கு மட்டும் நெருங்கி நின்றுவிட்டு இறங்கினார்.

மார்ச்சில் போட்டோகிராபர் விக்கி ராயப்பேட்டை வீட்டுக்கு ஆல்பம் கொண்டுவந்தான். முதல் பக்கத்தைத் திறந்ததும் அன்புக்கரசி நிறுத்தினாள். படத்தில் அவள் இடுப்பு பாதியாகியிருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த மேடைத் தூண் உள்பக்கமாக வளைந்திருந்தது.

“யார் இது?”

“நீங்கதான் சிஸ்டர்” என்றான் விக்கி.

“தூணு ஏன் கோணிக்கினு கீது?”

“அது... ஆன்ட்டிதான் போன் பண்ணி, பொண்ண கொஞ்சம் ஒல்லி பண்ணிடுன்னாங்க. எல்லாரும் கேப்பாங்க, நாங்க பண்ணித் தருவோம்.”

முத்தம்மா அடுப்படியிலிருந்து வந்தார். “நான்தான் சொன்னேன். இப்ப இன்னா? நாளைக்கு உன் புள்ளைங்க பாக்கும்ல.”

“பாக்கட்டும். அவங்கம்மா யாருன்னு அதுங்களுக்குத் தெரியணும்ல.” அன்புக்கரசி ஆல்பத்தை மூடி விக்கியின் மடியில் வைத்தாள். “எல்லாத்தையும் பழையபடி மாத்தி அச்சடிச்சுக் குடுப்பா. அதுவரைக்கும் இது இந்த வூட்ல இருக்க வேணாம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செம்பியன் தன் அம்மாவைப் பார்த்தான், பிறகு விக்கியைப் பார்த்து, “அவ சொன்ன மாதிரியே பண்ணு மச்சி” என்றான்.

விக்கி தலையைச் சொறிந்தான். “ஆன்ட்டிய கூட அந்த ஒரு படத்துல சேத்து ஒல்லி பண்ணிட்டேன். அதையும் மாத்தணுமா?”

“குடு இப்டி” என்று முத்தம்மா ஆல்பத்தை வாங்கினார். தான் இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்.

“என்னுத அப்டியே வுடு” என்றார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் புது ஆல்பம் வந்தது. அதில் அன்புக்கரசி தன் அளவில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் முத்தம்மா ஒல்லியாக நின்றுகொண்டிருந்தார்.