ஐந்தாவது ஏன்

குமாரவேல் சாருக்கு நான் என்ன சொன்னாலும் ஆகாது. மழை வரும்போல இருக்கிறது என்று நான் சொன்னால், அதற்காகவே குடையை வைத்துவிட்டுப் போவார். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் அவரைப் பழிவாங்கினேன்.

வல்லம் வடகாலில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் செய்கிற கம்பெனி எங்களுடையது. மெஷின் வாங்கியவர்களுக்கு ஃபில்டர் மாற்றச் சொல்லி அச்சடித்த தபால் அட்டை போகும். வாரன்டிக் கடிதங்கள் கவரில் போகும். மூன்று வருஷம் முன்புவரை அதெல்லாம் என் வேலை. குமாரவேல் சார் அட்மின் மேனேஜர்.

அந்த வருஷம் அவர் மெலிசான கவராகப் பார்த்து வாங்கினார். "சார், பிரின்டர் ரெண்டு ரெண்டா இழுக்கும்" என்றேன். வாயால் சொன்னேனே தவிர எழுதிக் கொடுக்கவில்லை. அங்கேதான் ஏமாந்தேன். கவர்கள் இரண்டிரண்டாகப் போய், வரிசை மாறி, நானூறு வீடுகளுக்கு அடுத்தவர் கடிதம் போய்ச் சேர்ந்தது.

எங்கள் கம்பெனியில் தப்பு நடந்தால் 'வை-வை', அதாவது 'ஏன்-ஏன்' என்று ஒரு தாள் நிரப்ப வேண்டும். ஏன் நடந்தது, அது ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பது. தப்பு செய்தவரே எழுதினால் மழுப்பிவிடுவார் என்று வேறொருவர்தான் எழுதுவார். தப்பு செய்தவர் அதைக் காலை மீட்டிங்கில் மைக் பிடித்துப் படிக்க வேண்டும். எனக்கு எழுதியவர் குமாரவேல் சார். ஐந்தாவது ஏனுக்கு அவர் எழுதிய பதில்: 'எழிலரசிக்கு வேலையில் பொறுப்பே கிடையாது.'

முன்னூறு பேர் முன்னால் என் வாயாலேயே அதைப் படித்தேன். மறுநாள் பேக்கிங் லைனுக்கு மாற்றிவிட்டார். மூன்று வருஷமாக நின்றுகொண்டே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். கால் வலி பழகிவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் பழகவே இல்லை.

இந்த ஆடியில் பழைய பிரின்டர் படுத்துவிட்டது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் அடிக்கிற பெரிய மெஷினாக வாங்க முடிவானது. "கவர் வேலை தெரிஞ்ச ஒருத்தர் ட்ரையல்ல இருக்கணும்" என்று பிளான்ட் ஹெட் சண்முகசுந்தரம் சார் சொல்லிவிட்டார். எனக்கப்புறம் அந்த வேலைக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. அப்படித் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் குமாரவேல் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

இரண்டு மெஷின் வந்திருந்தன. ஒன்று இங்க்ஜெட், இன்னொன்று லேசர். லேசரில் அடித்த தபால் அட்டை பளபளவென்று கல்யாணப் பத்திரிகைபோல வந்தது. இங்க்ஜெட் கொஞ்சம் மங்கல்தான். குமாரவேல் சார் லேசர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொக்கிப்போனார்.

ஆனால் லேசருக்குள் ஒரு ரோலர் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கும். அந்தச் சூட்டில்தான் எழுத்து பதியும். எங்கள் கவரின் மூடியில் முன்கூட்டியே பசை தடவியிருக்கும். மழைக்கால ஈரத்துக்கே ஸ்டோரில் பாதி ஒட்டிக்கொண்டு கிடக்கிற கவர் அது. ரோலருக்குள் போனால் என்ன ஆகும்? விற்க வந்த ஆள் விவரமானவன். பசையில்லாத கவராகக் கையோடு கொண்டுவந்து போட்டுக் காட்டினான்.

ஆபீஸ் அசிஸ்டென்ட் ரஞ்சனி என்னிடம் மெதுவாக வந்தாள். அவளுக்கும் பொறி தட்டியிருந்தது.

"இன்னாக்கா, நம்ம கவரைப் போட்டாலே தெரிஞ்சிடுமே. நான் சொல்லட்டா? நான் சொன்னா சாரு கேப்பாரு."

கேட்பார்தான். ரஞ்சனி சொல்லி அவர் எதையும் தட்டியதில்லை. ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம்தான்.

"நீ வாயத் தொறக்காத. நானே சொல்லிக்கிறேன்."

நேராகப் போய் விற்க வந்தவன் எதிரிலேயே சத்தமாகச் சொன்னேன். "சார், லேசர் வேணாம். சூட்டுல நம்ம கவர் ஒட்டிக்கும். பத்து கவர் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

தனியாகக் கூப்பிட்டுப் பணிவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் முகம் கடுகடுவென்று ஆனது.

"டேப் ஒட்டிக்கினு இருந்த ஆளு நீ. எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?"

"எழுதியே குடுத்துடறேன் சார்."

ட்ரையல் ரிப்போர்ட்டில் குறிப்பு என்று இருந்த இடத்தில் எழுதினேன்: 'நம் கவரை வைத்துப் பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்.' கீழே கையெழுத்தும் தேதியும் போட்டேன். பெரிய கெஜடட் ஆபீசர் என்று நினைப்பு அவருக்கு, பச்சை மைப் பேனாதான் வைத்திருப்பார். அதை எடுத்து என் குறிப்புக்குப் பக்கத்தில் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு லைனுக்குத் திரும்பினேன்.

லேசர் வந்தது. பூசணிக்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முதல் வாரம் முழுக்கத் தபால் அட்டையாக அடித்துத் தள்ளினார்கள். குமாரவேல் சார் நடையே மாறிப்போனது. அடுத்த வாரம் ஒரு லாட் ஃபில்டரை இலவசமாக மாற்றித் தருவதாக நாலாயிரம் வீடுகளுக்குக் கடிதம் அனுப்ப வேண்டி வந்தது. நாலாயிரம் கவர்.

காலையிலிருந்து மெஷின் ஓடியது. முகவரி பக்கம் மேலே தெரிய, கவர்கள் அழகாக அடுக்கிக்கொண்டே வந்தன. சண்முகசுந்தரம் சார் பார்க்க வந்தபோது கடைசிக் கட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கவரை எடுத்துக் கடிதத்தை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் மூடிக்கிடந்தது. அடியிலிருந்து ஒன்றை உருவினார். நகத்தால் கிளப்பினார், கிழிந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகும்போதே குமாரவேல் சார் சொல்வது காதில் விழுந்தது. "ட்ரையல்ல இருந்தது எழிலரசிதான் சார். அதோட பொறுப்பு."

மறுபடியும் அதே சொல். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ரஞ்சனி, அந்த ட்ரையல் ஃபைல் எடு" என்று மட்டும் சொன்னேன்.

சண்முகசுந்தரம் சார் என் குறிப்பைப் படித்தார். பச்சை மையைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். "நாளைக்கு மீட்டிங்ல வை-வை நீங்க படிக்கிறீங்க குமாரவேல். எழுதறது எழிலரசி."

ஒரு தாளை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மூன்று வருஷமாக மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்ததுதான், என்றாலும் ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்.

மறுநாள் காலை ஏழரை மணி. எல்லா லைனும் வரிசையில் நின்றது. குமாரவேல் சார் மைக்கைப் பிடித்தார்.

"கவர்கள் ஏன் ஒட்டின? பிரின்டரின் சூட்டில் பசை இளகியதால். அந்த பிரின்டரை ஏன் வாங்கினோம்? நம் கவரை வைத்துப் பரிசோதிக்காததால். ஏன் பரிசோதிக்கவில்லை? தேவையில்லை என்று நான் எழுதியதால். ஏன் அப்படி எழுதினேன்? எச்சரித்தவர் சொன்னதைக் கேட்காததால்."

நிறுத்தினார். அடுத்த வரியைக் கண்ணால் படித்துவிட்டார் என்று தெரிந்தது.

"படிங்க" என்றார் சண்முகசுந்தரம் சார்.

"ஏன் கேட்கவில்லை? சொன்னவர் எழிலரசி என்பதால்."

மைக்கில் அவர் மூச்சு கேட்டது. முன்னூறு பேரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அசையாமல் நின்றேன். என் மனசு குளிர்ந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன்.

கவர் அத்தனையும் குப்பைக்குப் போனது. புதுக் கவரில் நாலாயிரம் முகவரி ஸ்டிக்கரையும் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டியது குமாரவேல் சார் இல்லை. ரஞ்சனியும் பேக்கிங் பெண்கள் ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு ஓ.டி. பார்த்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

மதியம் ரஞ்சனி நிமிர்ந்தாள். காகிதம் கீறி அவள் விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"அன்னிக்கு நான் சொல்றேன்னு சொன்னேனே. ஏங்க்கா வேணாம்னே?"

நான் அடுத்த கவரை எடுத்து ஒட்டினேன். நல்லவேளை, அந்தத் தாளில் ஐந்து ஏனுக்குத்தான் இடம் இருந்தது.