இடி இல்லாத ஆல்பம்

பாடகன் இடி செத்து ஏழு மாதம் ஆகியும் கிட்டார்காரனின் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. செத்தவன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? இவன் பட்டான். பதினைந்து வருடம் ஒரே ராக் குழுவில் இவன் கிட்டார் வாசித்தான், பாட்டெழுதினான், மெட்டுப் போட்டான். கைதட்டலை மட்டும் பாடகன் அள்ளிக்கொண்டு போனான். ரசிகர்கள் அவனுக்குத்தான் ‘இடி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இவனுக்கு ஒரு தூறல் என்றுகூட யாரும் வைக்கவில்லை.

இப்போது புது ஆல்பம். ஒன்பது பாட்டு, ஒன்பதையும் இவனே பாடுகிறான். விற்குமா என்றால் கம்பெனிக்காரர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். விற்காவிட்டால் போகட்டும், தன் குரலுக்குக் குழு வாசித்த ஒரு ஆல்பமாவது உலகத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. இடி சாவதற்கு முன் இதே பாட்டுகளை மாதிரிக்குப் பாடி வைத்திருந்தான். அதையெல்லாம் அழித்துவிடும்படி இவன் முதல் நாளே ஒலிப்பதிவாளரிடம் கறாராகச் சொல்லிவிட்டான்.

எட்டுப் பாட்டு முடிந்தது. டிரம்ஸ் வாசிப்பது இவனுடைய சொந்தத் தம்பி. எட்டிலும் பின்னி எடுத்திருந்தான். அண்ணன் பாட்டு என்றதும் கை எப்படித் துள்ளுகிறது பார் என்று இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாவதற்கு முன் தம்பி டீ வாங்கப் போனான். ஒலிப்பதிவாளர் உள்ளே எதையோ ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ்மேல் தம்பி கழற்றி வைத்திருந்த ஹெட்ஃபோனிலிருந்து சத்தம் கசிந்தது. எடுத்துக் காதில் வைத்தான். இடி பாடிக்கொண்டிருந்தான். இவன் குரல் பொட்டுக்கூட இல்லை.

டீயோடு வந்த தம்பி கதவருகிலேயே நின்றுவிட்டான்.

“எட்டுப் பாட்டுக்கும் இதத்தான் கேட்டு வாசிச்சியாடா?”

“திட்டாதண்ணே. அழிக்க வேணாம்னு நான்தான் அவர்கிட்ட கெஞ்சினேன்.”

“என் குரல் அவ்வளவு கேவலமா?”

“குரல் இல்லண்ணே, மூச்சு. இடி ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி மூச்ச இழுப்பாரு. அதக் கேட்டாத்தான் டிரம்ஸ்ல எனக்கு அடி சரியா விழும். நீ பாடறப்ப அது கேக்கவே மாட்டேங்குது.”

உண்மைதான். பதினைந்து வருடம் இடியோடு ஒரே மைக்கில் பின்பாட்டுப் பாடியவன் இவன். தன் மூச்சு மைக்கில் விழுந்துவிடக் கூடாதே என்று, வரிக்கு வரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் காற்று வாங்கிப் பழகியிருந்தான். இன்று மைக் இவனுடையது. கழுத்துக்கு அது தெரியவில்லை.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவன நிறுத்துங்க! இவன் காதுல என் குரலப் போடுங்க!” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்துக் கத்தினான்.

மைக்குக்கு நேரே நின்றான். திரும்பத் துடித்த கழுத்தை அடக்கிக்கொண்டு, யாருக்கு வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று மூச்சை இழுத்தான். தம்பியின் அடி கச்சிதமாக வந்து விழுந்தது. கடைசிவரை ஒன்றுகூடப் பிசகவில்லை. இதுவரை பாடியதிலேயே இதுதான் பாட்டு என்று அவனுக்கே தெரிந்தது. பதினைந்து வருடத்துக்கும் சேர்த்துச் சந்தோஷம் வந்தது.

தம்பி குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான். கண்ணெல்லாம் தண்ணீர்.

“கண்ண மூடிக்கிட்டுதாண்ணே வாசிச்சேன். அப்படியே அவரு நின்னு பாடற மாதிரியே இருந்துச்சு!”

வந்த சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

“இதையே வச்சுக்கலாமா?” என்று ஒலிப்பதிவாளர் கேட்டார்.

“வச்சுக்கோங்க. மத்த எட்டையும் நாளைக்கு மறுபடி பாடறேன். அவன் பாடினத மட்டும் இப்பவே, என் கண்ணு முன்னாடி அழிங்க.”

ஒலிப்பதிவாளர் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைச் சுற்றியிருந்த கையை எடுத்துக்கொண்டான்.