கார்த்திகை அல்லாத நாள்

செதுவாலையில் ஏறிய ஷேர் ஆட்டோ விரிஞ்சிபுரம் ரோட்டில் திரும்பியதும் ஃபீபி கைப்பையைத் திறந்து, பூர்ணிமா கொடுத்த ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்தாள். மெரூன் நிறம். ஒன்றை உரித்து, கண்ணாடி இல்லாமலே நெற்றியில் வைத்துக்கொண்டு கணவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நடுவுல இருக்குதா?"

எபனேசர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான். பிறகு ஒரு விரலால் பொட்டைச் சற்றே நகர்த்தினான்.

"எங்கம்மா பாத்தா செத்துடும்."

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். இருவருமே சிரிக்கவில்லை. அம்மாவிடம் வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆம்பூரில் பஸ் ஏறியிருந்தார்கள்.

ஷூ கம்பெனியில் ஃபீபிக்கு அடுத்த மெஷின் பூர்ணிமாவுடையது. மூன்றாவது கருவும் கலைந்து, லீவு முடிந்து ஃபீபி வேலைக்கு வந்த அன்று, பூர்ணிமா தையலை நிறுத்தாமலே சொன்னாள். விரிஞ்சிபுரம் கோயில் குளத்தில் முழுகி ஈரச் சேலையோடு பிராகாரத்தில் படுக்க வேண்டும். கனவில் பூவோ பழமோ வந்தால் பிள்ளை தங்கும். "எனக்கு எலுமிச்சம்பழம் வந்துச்சு. நீ சிரிக்காத. ரெண்டு பேரு ஸ்கூலுக்குப் போறானுங்க." ஃபீபி சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு எதுவுமே வரவில்லை. அழுகைகூட.

கார்த்திகை கடைசி ஞாயிற்றுக்கு முந்தின ராத்திரி என்றும் பூர்ணிமா சொல்லியிருந்தாள். ஃபீபி எதையும் விடாமல் எபனேசரிடம் சொன்னாள். அவன் சபைக் கமிட்டியில் இருப்பவன். சாப்பிட்ட கை காயும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு ஜனம் ஜாஸ்தி. நம்ம ஆளுங்க யாராச்சும் பாத்துடுவாங்க. சும்மா ஊர் பாக்கற மாதிரி வேற ஒரு நாள் போலாம்." குளம் எங்கே போய்விடப்போகிறது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

குளம் அங்கேதான் இருந்தது. கம்பிக் கதவு பூட்டியிருந்தது.

வாசல் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, "எந்த ஊரும்மா?" என்றாள்.

"ஆம்பூர்."

"ஆம்பூர்லருந்து வந்துட்டு பிரியாணி எடுத்தாரலயா?" என்றவள், பூட்டின் மேலிருந்த ஃபீபியின் கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது கார்த்திகைலதாம்மா. இப்ப தொறக்க மாட்டாங்க."

வெளிப்பிராகாரத்தில் நிழலை வைத்து நேரம் காட்டும் கல் ஒன்று இருந்தது. எபனேசர் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அந்த அம்மாளின் துடைப்பத்திலிருந்து விழுந்த ஈர்க்குச்சியை அதன் பள்ளத்தில் வைத்து, நிழல் விழுந்த கோட்டைக் குனிந்து பார்த்தான். பிறகு செல்போனைப் பார்த்தான். மறுபடியும் கல்லைப் பார்த்தான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவன் இப்படி நிற்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு பக்கெட் தண்ணி கிடைக்குமா?"

"பைப்புத் தண்ணிதாம்மா அது."

"பரவால்ல."

அந்த அம்மாள் பைப்பைத் திறந்து பக்கெட்டை நிரப்பினாள். தானே பக்கெட்டைத் தூக்கி அவள் தலையில் ஊற்றினாள். ஃபீபி சொட்டச் சொட்ட நடந்துபோய், மண்டப நிழலில், நெற்றி கல்லில் படும்படி குப்புறப் படுத்தாள்.

கண்ணை மூடியதும் கம்பெனி வந்தது. அடிப்பாகம் ஒட்டாத ஷூக்கள் பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஷூக்களே வந்தன. கல்லின் குளிர்ச்சி வயிறுவரை வந்து, அங்கேயே நின்றது.

காட்பாடிக் காலேஜ் பிள்ளைகள்போல, சிரித்துக்கொண்டே சிலர் நெருங்கும் சத்தம் கேட்டது. "அண்ணா, இந்தத் தூணுகிட்ட ஒரு போட்டோ எடுத்துக்கறோம், கொஞ்சம் நகர்றீங்களா?"

"அந்தப் பக்கம் போய் எடுங்கப்பா." எபனேசரின் குரல், தலைக்கு மிக அருகில். எப்போது வந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. "எங்க வீட்டம்மா. வேண்டுதல்ல இருக்காங்க."

வேண்டுதல் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. சிரிப்புச் சத்தம் விலகிப்போனது. அவன் போகவில்லை. அவன் கால்விரல்கள் கல்லில் உரசுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தபோது அவன் தூணில் சாய்ந்திருந்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து, மெதுவாகக் கேட்டான்.

"இன்னா வந்துச்சு?"

எலுமிச்சம்பழம் என்று சொல்லிவிடலாம். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தான் படுத்திருந்த இடத்தைப் பார்த்தாள். கல்லில் ஈரமாக ஓர் ஆள் கிடந்தது. வெயில் ஏறியிருந்த காற்றில் அது ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. கால்கள் போயின, பிறகு கைகள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்தான். வயிறு இருந்த இடம் கடைசிவரை கறுப்பாக இருந்து, அதுவும் போனது. தலை இருந்த இடத்தில் அந்த மெரூன் பொட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.