அடிக்கோடு

“சிரிப்பதற்கு முன்னால் அவள் ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்” என்றான் டேரில், பொரித்த கிழங்கான் மீனின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தபடி. பழைய பாட்டொன்றின் வரி நினைவுக்கு வந்ததைப் போல இதமாகத்தான் சொன்னான். “நல்லா இருக்கில்ல? யாரைப் பத்திக் குட்டி அது?”

மார்னியின் வாயிலிருந்த மீன் மெல்லப்படாமல் நின்றது. நேற்றுப் பள்ளி விட்டு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துப் படித்தபோது விரலால் இழுத்து அடிக்கோடிட்ட வரி அது. அறையில் அவளைத் தவிர யாருமில்லை. அவள் யாரிடமும் சொல்லவுமில்லை.

“கதையில வர்ற ஒரு அம்மா” என்றாள்.

“அம்மாவா? சரி சரி.” தன் கைபேசியைத் தூக்கிக் காட்டினான். “நீ கோடு போடுறதெல்லாம் இதுல வந்து விழுது. என் கணக்குலதானே வாங்குறோம். உன் புண்ணியத்துல நானும் படிச்ச மாதிரி ஆச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அம்மா டான்யா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

டேரில் இதுவரை யாரையும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. ஊர்முனைத் தானியக் கிடங்கில் மேற்பார்வையாளன், எல்லோருக்கும் பிடித்தமானவன். அவன் அம்மாவோடு சேர்ந்து வாழ இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு சில விஷயங்கள் மட்டும் சத்தமில்லாமல் இல்லாமல் போயின. அதிகம் குரைக்கிறது என்று சொல்லப்பட்ட நாய் ஒருநாள் யாரோ ஒருவருடைய பண்ணைக்குப் போய்விட்டது. அடிலெய்டிலிருந்து சித்தி பேசுவது நின்றுபோனது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் அம்மாவின் காருக்குள் எட்டி, அன்றைக்கு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். மார்னியின் புத்தகங்களும் அப்படித்தான் போயின. அம்மாவின் மூச்சிழுப்புக்குக் காகிதத் தூசி ஆகாது என்று பெட்டிகளில் கட்டிக் குப்பைக்கிடங்கில் கொட்டிவிட்டு வந்தான். கிறிஸ்துமஸுக்கு அந்த வாசிப்புக் கருவியைக் கொடுத்தான்.

அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கும் ஊருக்கும் பொதுவாக இருந்த சின்ன நூலகத்தில் அவள் படிக்காத கதைப் புத்தகம் அநேகமாக எதுவும் மிச்சமில்லை. இதில் ஒரு தொடுகைக்கு ஒரு உலகம் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கலாம், தெரியாத சொல்லைத் தொட்டால் பொருள் வரும், ஒரு கதை முடிந்த கையோடு அடுத்தது. படிக்கிற கண்ணை இன்னொரு கண் படித்துக்கொண்டே வருகிறது என்பதை அவள் யோசித்ததே இல்லை.

அந்த வாரம் நூலக வகுப்பில் மிஸஸ் பாஸ்கோ, அச்சுப் புத்தகமா, மின்நூலா என்று ஒரு விவாதம் வைத்தார். பெரிய பெண்மணி, மூக்குக்கண்ணாடி எப்போதும் தலைமேல்தான் இருக்கும். காகித வாசனை என்றான் ஒருவன். “நீ பாத்ரூம்லதான் படிப்ப, உனக்கு என்னடா வாசனை?” என்றான் இன்னொருவன். வகுப்பே சிரித்தது. மின்நூல் கனமில்லை, மரம் வெட்ட வேண்டாம், கடலில் விழுந்தால் செத்துப்போகும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

“மார்னி, நீதான் எங்க பெரிய படிப்பாளி. நீ எந்தக் கட்சி?”

காகிதம் யாரிடமும் போய்ச் சொல்லாது. அதுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் இந்த வகுப்பில் சொன்னது மாலைக்குள் கிடங்கை எட்டிவிடும். “தெரியல மிஸ்” என்றாள்.

மணி அடித்ததும் பின்தங்கி நின்றாள். பாதியில் விட்ட அதே நாவலின் அச்சுப் பிரதி புதுவரவுத் தட்டில் இருப்பதை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். “மிஸ், இதை எழுதிக்காமக் குடுக்க முடியுமா?”

“எழுதிக்காம எப்படிம்மா? பதிஞ்சாத்தானே கணக்கு. உடனே வீட்டு நம்பருக்கும் தகவல் போயிரும்.”

“அதான் மிஸ்.”

மிஸஸ் பாஸ்கோ தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து, கழிக்கிற புத்தகங்களுக்கு வைத்திருந்த முத்திரையை எடுத்து, புது வாசனை போகாத அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். “இனிமே இது நூலகத்தோடது இல்ல. குப்பையில கிடந்தது, நீ எடுத்துக்கிட்ட.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பேசணும்னு இருந்தா நான் எப்பவும் இங்கதான் இருப்பேன்.”

புத்தகம் நெட்பால் பைக்குள், வியர்வை நாறும் காலணிகளுக்கு அடியில் போனது. கருவியைத் திடீரென்று விட்டுவிட்டால் சந்தேகம் வரும். அதனால் அதில் ஒரு குதிரைக் கதையைத் திறந்து வைத்து, மடியில் காகிதப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே இடையிடையே கருவியின் பக்கங்களைத் தள்ளிவிட்டாள். காகிதம் புரளும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கூடத்தில் நாற்காலி நகர்ந்தாலே புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

ஒருநாள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தபோது, அவள் இன்னும் எட்டாத ஒரு பக்கத்தின் மேல்மூலை மடிந்திருந்தது.

அவள் பக்கத்தை மடிக்கிறவள் அல்ல. கண்டுபிடித்துவிட்டான். ஆனால் சொல்ல மாட்டான். காத்திருப்பான், மீன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இதமாக ஒருநாள் ஆரம்பிப்பான். புத்தகத்தை எரித்துவிடலாமா, பள்ளிக்குப் போகும் வழியிலிருக்கும் உப்பு ஏரியில் எறிந்துவிடலாமா என்று நினைத்தாள். இரண்டும் செய்ய முடியவில்லை. அடுத்த முறை பார்த்தபோது மடிப்பு இன்னும் சில அத்தியாயங்கள் தள்ளிப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் டேரில் ஆரம்பித்தான். “குதிரைக் கதை முடிஞ்சுதாமே? நானும் படிச்சுப் பார்த்தேன். கடைசியில குதிரைக்கு என்ன ஆச்சு, குட்டி?”

மார்னி தட்டைப் பார்த்தாள். அந்தக் கதையில் ஒரு வரியைக்கூட அவள் படித்திருக்கவில்லை. முடிவுவரை தள்ளியதாகவும் நினைவில்லை.

“கால் ஒடிஞ்சு போச்சு” என்றாள் அம்மா. உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “சுட விடமாட்டேன்னு அந்தப் பொண்ணு கட்டிப்பிடிச்சுக்கிட்டே கிடந்தா. பாத்திரம் துடைக்கும்போது இவ சொல்லச் சொல்ல எனக்கு அழுகையே வந்திருச்சு. இல்லடி?”

“ஆமாம்மா” என்றாள் மார்னி. அவள் அப்படி எதையும் சொன்னதே இல்லை.

டேரில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்படித்தான்” என்றான் கடைசியில். “நீ புத்தகமே தொடமாட்டியே டான்யா. கதையெல்லாம் கேக்க ஆரம்பிச்சிட்டியா?”

“உன் கூட இருந்து எனக்கும் பழக்கம் ஒட்டிக்கிச்சு போல.”

மறுநாள் காலை அவன் கிடங்குக்குக் கிளம்பிய பிறகு மார்னி புத்தகத்தைத் திறந்தாள். மடிந்த பக்கத்தில் பென்சிலால், அழித்தால் தெரியாத அளவு மெல்லியதாக, ஒரு கோடு. அரை டாங்க் பெட்ரோல் இருந்தாலே போதும், முதலில் ஊர் எல்லையைத் தாண்டு என்று கதையில் ஒருத்தி தன் தோழிக்குச் சொல்லும் வரி.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். “கடினா டவுன்ல உனக்கு ஸ்கூல் ஷூ வாங்கணும். கிளம்பு.”

“இப்பவா?”

“இப்பத்தான். நெட்பால் பையை எடுத்துக்க.”

“இன்னிக்கு ஆட்டம் இல்லையேம்மா.”

அம்மா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவளுடைய கைபேசி சமையல் மேடையில் சார்ஜில் கிடந்தது. மார்னி வாசிப்புக் கருவியைக் கையிலெடுத்தாள். அதற்குள் இன்னும் படிக்காத எத்தனையோ கதைகள் இருந்தன. கைபேசிக்குப் பக்கத்தில் அதை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

கார் கோதுமைத் தாள் வெளுத்துக் கிடந்த வயல்களுக்கு நடுவே போனது. கடினாவுக்குத் திரும்பும் இடம் வந்தது, அம்மா திருப்பவில்லை. அம்மாவின் மூச்சில் இழுப்பு கேட்டது.

எதிரே வெயிலில் நடுங்கிக்கொண்டு ஒரு வெள்ளை யூட், பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி, வந்தது. பக்கத்து ஊர்க் கிடங்குக்குப் போய்த் திரும்புகிற டேரில். அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிற எவருக்கும் செய்வதைப்போல, ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினான். அம்மாவும் விரலைத் தூக்கினாள். வண்டிகள் ஒன்றையொன்று கடந்தன.

“திரும்பிப் பாக்காத. புத்தகத்தை எடு. மடிச்ச எடத்துலேருந்து படி. சத்தமாப் படி.”

மார்னி பையைத் துழாவிப் புத்தகத்தை எடுத்துத் திறந்தாள். முதல் வரியைப் படித்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை. இரண்டாவது வரிக்குப் போகும்போது கண் தானாகப் பக்கக் கண்ணாடிக்குப் போனது. தூரத்தில், தூசிக்கு நடுவே, யூட்டின் பிரேக் விளக்குகள் இரண்டும் சிவந்தன. கண்ணாடியையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி அவள் வரி வரியாகப் படித்துக்கொண்டே போனாள். அந்தச் சிவப்பு இன்னும் அணையவில்லை.