கேன் நிறையும் வரை

செவலைப் பசு மறுபடியும் உதைத்தது. வெறும் வாளி உருண்டு சுவரில் முட்டியது. நிஷாந்த் அதை எடுத்து வந்து மடிக்குக் கீழே வைத்தான்.

பட்டிக்கு எதிரே, தேயிலைத் தோட்டத்து லய வரிசையின் கடைசி வீட்டில், அவன் மனைவி துஷாந்தினி கல்யாணச் சீலையில் பெட்டிக்குள் கிடந்தாள். வறட்சியில் பக்கத்துப் புல்லெல்லாம் கருகிவிட்டதால், முந்தாநாள் காட்டோரம் வரை அரிவாளோடு போனவள். குளவிக்கூட்டைக் கவனிக்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மாமனார் சின்னராசா பட்டி வாசலில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, என்னங்க இது? மக அங்க கெடக்கா. நீங்க மாட்டுக்கடியில குந்திக்கிட்டு இருக்கீங்க."

"பால் வண்டி வரும் மாமா."

"சாவு விழுந்த லயத்துலேருந்து பால் வெளிய போகாது. இன்னைக்கு ஒருத்தரும் கறக்கல. கன்னுகள அவுத்து விட்டுட்டாங்க. எல்லாம் அவளுக்காகத்தான்."

அவள் பேரைச் சொல்லிக் கறக்காமல் விட்டதுதான் நிஷாந்துக்குப் பொறுக்கவில்லை.

பால் வண்டிக்கார மிப்ரான் இங்கே எடுக்கும் பால் எல்ல டவுனில் வெள்ளைக்காரர்கள் வந்து போகும் ஹோட்டல்களுக்குப் போகிறது. வைகாசிக்குப் பிறகு மழை இல்லை. மாடுகள் பாதிப் பாலைக்கூடக் கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஹோட்டல்களுக்கு ஓட்ஸ் பால் வந்தது. கம்பெனிக்காரர்கள் பிரிட்ஜை இலவசமாக வைத்து, வாசலில் பெரிய பலகையும் மாட்டினார்கள். 'பசுவைத் துன்புறுத்தாத பால்.' நிஷாந்த்தான் அதைத் துஷாந்தினிக்கு வாசித்துச் சொன்னான். அவள் நடுரோட்டில் நின்று சிரித்தாள்.

"நான் துன்புறுத்துறேனாமா? நம்ம செவலை என் கால மிதிச்சு நகத்தப் பேத்தாளே, அதுக்கு யாரு போர்டு வைக்கிறது?"

பக்கத்து வீட்டு இராக்கம்மா, போனில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பசறையிலிருந்து அந்த ஓட்ஸ் பால் பொதி ஒன்றை வாங்கி வந்தாள். தன் மாட்டுப் பாலை வண்டிக்கு ஊற்றிவிட்டு மகளுக்குப் பொதியை உடைத்துக் கொடுத்தாள். மகள் குடித்து முடித்து, இன்னும் பசிக்கிறது என்றாள்.

"ஓட்ஸுக்கு மடி எங்கக்கா இருக்கு?" என்று துஷாந்தினி கேட்டது லயம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது.

ஆனால் மிப்ரான் சிரிக்கவில்லை. ஹோட்டல்கள் பாதிப் பாலை வேண்டாம் என்றுவிட்டன. கேன் கழுத்து வரை நிறைந்தால்தான் வண்டியை மலையேற்றுவது கட்டுப்படியாகும் என்றான். இந்தக் கிழமை ஏழு நாளும் பார்ப்பேன், ஒருநாள் குறைந்தாலும் அதோடு சரி என்றான். துஷாந்தினி வீடு வீடாகப் போய்ப் பேசினாள். ஒவ்வொரு நாளும், அவள் உடல் ஆஸ்பத்திரியில் இருந்த நேற்றும்கூட, கேன் நிறைந்தது. இன்று கிழமையின் கடைசி நாள்.

ஆணியில் அவளுடைய பழைய ஸ்வெட்டர் தொங்கியது. நிஷாந்த் அதை எடுத்துப் போட்டுக்கொண்டான். கை முழங்கைக்கு மேலேயே நின்றது. மாடு தலையைத் திருப்பி முகர்ந்தது. பிறகு காலை அகட்டி நின்றது.

பால் கொஞ்சம்தான். அதைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்குப் போனான். ஒப்பாரி நின்றது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தரும் சேர், பொம்பளை ஸ்வெட்டரில் வாளியோடு நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

"எல்லாரும் போய் மாடு கறங்க," என்றான்.

"இன்னைக்கா சேர்?" இராக்கம்மா எழுந்தாள். "பொணத்த வச்சுக்கிட்டு? பாவமில்லையா?"

"அவ புல்லுக்குப் போனது எதுக்குன்னு நினைக்கிறீங்க?"

இராக்கம்மா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கன்னு குடிச்சது போக இருக்கிறதக் கறங்க. அழுவுறவங்க அழுதுக்கிட்டே கறங்க."

"சேருக்குப் புத்தி பெரண்டு போச்சு," என்று யாரோ முணுமுணுத்தார்கள். நிஷாந்த் வாளிப் பாலைப் பெரிய கேனில் ஊற்றி, அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்திக்கு இறங்கினான். இரண்டு பக்கமும் தேயிலை தீய்ந்து நின்றது.

மிப்ரான் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே நின்றான். அவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"சேர், மவுத் ஊட்டுல இருந்தா வாறீங்க? எனக்கு ஆள் அனுப்பியிருந்தா போதுமே. இன்னைக்குக் கேனப் பாக்க மாட்டேன். கொறஞ்சாலும் எடுக்குறேன்."

"பாருங்க."

"அதெல்லாம் வேணாம் சேர். துஷாந்தினி தங்கச்சிக்காக."

"மூடியத் தொறந்து பாருங்க மிப்ரான். எரக்கப்பட்டு எடுத்தீங்கன்னா, நாளைக்கு எரக்கம் இருக்காது."

மிப்ரான் திறந்தான். பால் கேனின் அடியில் கிடந்தது. அவன் நிஷாந்தின் முகத்தைப் பார்க்காமல் மலைப்பாதையைப் பார்த்தான்.

இராக்கம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் செம்பு. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பின்னால் இன்னும் பெண்கள், வாளியோடும் ஜக்கோடும். ஒவ்வொருத்தியாக ஊற்றினார்கள். பால் ஏறியது. கழுத்துக்குக் கீழே கொஞ்சம் நின்றது.

இராக்கம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தாள்.

"மகளுக்குன்னு வச்சது," என்று சொல்லி அதையும் கவிழ்த்தாள். "அவ அந்தியில குடிச்சுக்குவா. அந்தச் சனியம் புடிச்ச பொதிய மட்டும் இனி வாங்க மாட்டேன்."

கேன் நிறைந்தது. மிப்ரான் மூடியை அழுத்திப் பூட்டினான்.

"நாளைக்கும் வாறேன் சேர்."

"வாங்க. எல்லயில கேட்டா, மலையில இன்னும் மாடு இருக்குன்னு சொல்லுங்க."

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மேலே தப்பு அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சடங்குக்கு ஒருவர் வந்து அவனைக் கூப்பிட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டைத் தாண்டிப் பட்டிக்குப் போனான்.

சின்னராசா வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். பட்டிக்குப் பின்னால் நின்ற வாழையை வெட்டிச் சாய்த்து, தண்டைக் கத்தியால் மெல்லிய துண்டுகளாக அரிந்துகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் கறை.

"அந்திக்கும் கறக்கணுமில்ல," என்றார், திரும்பாமல்.

நிஷாந்த் பக்கத்தில் குந்தினான். ஈரமான துண்டுகளை இரண்டு கையிலும் அள்ளி நீட்டினான். செவலை கழுத்தை நீட்டித் தின்னத் தொடங்கியது.