துணி வண்டி

விடிவதற்கு முன்பே சலவை ஆலையின் வெந்நீர் ஆவி முகத்தை அவித்தது. ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு இழுத்து இஸ்திரி உருளைக்குள் கொடுப்பது அண்ணியின் வேலை. மறுமுனையில் வாங்கி மடிப்பது அவளுடைய நாத்தனார். அண்ணியின் நாலு மாதக் கரு சில நாளைக்கு முன்புதான் கலைந்திருந்தது. லீவு கேட்டபோது மேஸ்திரி, வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும் என்று சொல்லிவிட்டான்.

விரிப்பு வருவது நின்றது. நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி மேடையைப் பிடித்தபடி சரிந்துகொண்டிருந்தாள். காலடியில் ரத்தம் கட்டி கட்டியாகக் கிடந்தது. உதடு வெளுத்து, கை சில்லிட்டிருந்தது.

நாத்தனாரும் மற்ற பெண்களும் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். சரக்கு ஏற்றிய துணி வண்டி அங்கே நின்றது. மேஸ்திரி மறித்தான். சரக்கு முதலில் ஓட்டலுக்குப் போகட்டும், பொம்பளைங்க சமாச்சாரத்துக்கெல்லாம் வண்டி கிடையாது என்றான். யாரும் அவனோடு வாதாடவில்லை. மூட்டைகளை இழுத்துச் சேற்றில் வீசிவிட்டு அண்ணியைக் கிடத்தினார்கள். டிரைவர் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்தான்.

கருவின் மிச்சம் உள்ளே தங்கியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சலைன் ஏற்றி, கருப்பை சுருங்க ஊசி போட்டு, தங்கியதை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். ரத்தம் வேண்டும் என்றதும் கூட வந்த பெண்கள் வரிசையாகக் கை நீட்டினார்கள். ஒருவழியாக ரத்தப்போக்கு அடங்கியது.

"இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா பொணத்தைத்தான் கொண்டு வந்திருப்பீங்க," என்றார் டாக்டரம்மா.

நாத்தனார் அழவில்லை. அந்த வார்த்தையை நெஞ்சில் ஏந்திக்கொண்டு ஆலைக்குத் திரும்பி, கொதிகலன்காரரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கொதிகலன் அடுப்பை அணைத்தார். உருளைகள் நின்றன. பெண்கள் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள்.

முதலாளி காரிலிருந்து இறங்கினார். மேஸ்திரி அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"வீட்டுக் கஷ்டத்தை வேலைக்குத் தூக்கிட்டு வந்தா நான் என்னம்மா பண்ணுவேன்? போய் மெஷினைப் போடுங்க."

"வண்டியை மறிச்சவன் மேல போலீஸ்ல புகார் கொடுத்தாச்சு. அவனை வேலைக்கு வெச்சவரு நீங்க," என்றாள் நாத்தனார்.

"மிரட்டுறியா?"

"ஆமா. எங்க அண்ணி கட்டிலுக்கு முன்னாடி நின்னு நீங்க ரெண்டு பேரும் பதில் சொல்லணும். அதுவரைக்கும் அழுக்கு மூட்டை நாறட்டும். ஓட்டல்காரன் உங்க சட்டையைப் பிடிக்கட்டும். அதை நான் கண்ணாரப் பாக்கணும்."

அவள் குரல் உயரவே இல்லை. முதலாளி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

மதிய ஷிஃப்ட் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். உள்ளே போகிறவர்களுக்கு வேலை நிரந்தரம் என்று முதலாளி அங்கிருந்தே சொன்னார். அவர்களில் ஒருத்தி நாத்தனாரிடம் குனிந்து, அண்ணி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். உயிருக்கு மோசமில்லை என்று தெரிந்ததும் புடவையைச் செருகிக்கொண்டாள்.

"கொஞ்சம் நகருடி, நாங்களும் உக்காரணும். பின்னாடி நிறையப் பேரு நிக்கிறோம்."